பங்கில்லாத சாட்சி

தம்பி,

உயில் எழுதும்போது முதல் வரியிலேயே "நல்ல நினைவுடனும் தெளிந்த புத்தியுடனும்" என்று போடுவது எங்கள் தொழில் வழக்கம். முப்பத்தெட்டு வருஷமாகச் சிதம்பரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் நான். அந்த வரியை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பேனோ, எனக்கே தெரியாது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் அதைப் போட முடியவில்லை. நினைவெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. புத்திதான் ஒரு வாரமாகக் குழம்பிக் கிடக்கிறது. போனில் பேசலாம் என்றால் இரண்டாவது நிமிஷத்தில் நான் கத்துவேன், மூன்றாவது நிமிஷத்தில் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

போன வாரம் நீ கேட்டது இதுதான். "அப்பா, அடுத்த மாசம் கத்தார் கெளம்புறேன். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். போறதுக்குள்ள மஞ்சக்குப்பம் வீட்டை ஸ்டீபனுக்கு உயில் எழுதிடணும். நீங்களே எழுதிக் குடுங்க. சாட்சியும் நீங்களே போடணும்." கடலூரில் வேறு ரைட்டரே கிடைக்கவில்லையா உனக்கு என்று கேட்டேன். "இருக்காங்கப்பா. எனக்கு நீங்கதான் வேணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டீபன் யார் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவன், உன்னோடு ஐந்து வருஷமாக ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறவன். உன்னைப் பொறுத்தவரை உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நாட்டின் பெரிய கோர்ட்டைப் பொறுத்தவரை ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பெரிய கோர்ட் தீர்ப்பு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நீ லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் வந்திருந்தாய். ஏன் லீவு என்று கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றாய். காலையிலிருந்து போனும் கையுமாகவே இருந்தாய். மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது டிவியில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணத்தைக் கோர்ட் சட்டமாக்க முடியாது, அது பார்லிமென்ட் முடிவு செய்யவேண்டிய விஷயம் என்றார்கள். நான் வத்தக்குழம்பைப் பிசைந்தபடியே ஆரம்பித்தேன். "கரெக்டா சொல்லிட்டாங்க. ஜட்ஜுங்களே சட்டம் போட ஆரம்பிச்சா, அப்புறம் நாம ஓட்டுப் போட்டு ஆளனுப்புறது எதுக்கு? ஏய், இன்னொரு அப்பளம் வை." நீ பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனாய். "ஏன்டா, குழம்பு காரம் ஜாஸ்தியா?" என்று கேட்டேன் பார், அந்தக் கேள்வியை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பெற்ற பிள்ளை எதிரில் உட்கார்ந்து உடைந்துகொண்டிருக்கிறான், எனக்குக் குழம்பின் காரம்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து நீ எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாய். உன் அம்மா, "பையன்கிற. சரி. அதுலயும் வேற மதமா?" என்று கேட்டாள். நீ அழுகிற நேரத்தில் சிரித்துவிட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. அவள் போனில் பேசும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் பேசவில்லை. அது என் வீம்பு. அதற்கு நியாயம் எதுவும் கற்பிக்கப் போவதில்லை. தப்பு செய்தேன்.

ஆனால் தீர்ப்பைப் பற்றி நான் சொன்னது வெறும் வீம்பில்லை, தம்பி. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. என் அப்பா அம்மா கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது. கடலூர் முதுநகரில் தெரிந்தவர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்பே இந்த மாதிரிக் கல்யாணம் ஒன்று செல்லாது என்று மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லியாகிவிட்டது. அது தெரிந்தேதான் மாலை மாற்றினார்கள். ஆக, நான் பிறந்தபோது சட்டத்தின் கண்ணில் என் அப்பா அம்மா கணவன் மனைவி இல்லை. பங்காளிகள் ஒருத்தர் விடாமல் அதைக் குத்திக் காட்டுவார்களாம். நான் நாலாவது படிக்கும்போது சட்டசபையில் சட்டம் வந்தது. இனிமேல் நடக்கிற கல்யாணம் மட்டுமில்லை, ஏற்கெனவே நடந்ததும் செல்லும் என்று சட்டம். அப்பா அன்றைக்கு ஒரு பொட்டலம் ஜிலேபி வாங்கிவந்தார். எதற்கு என்று கேட்டேன். "உங்கம்மாவுக்கும் எனக்கும் கல்யாணம்டா" என்றார். கோர்ட் முடியாது என்றதைச் சட்டசபை முடித்துக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தான் உன்னிடமும் சொன்னேன், பொறு, ஓட்டு வாங்கிப் போனவர்கள் ஒருநாள் செய்வார்கள் என்று.

நீ ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தாய். "சட்டம் வர்ற வரைக்கும் தாத்தாவும் பாட்டியும் பொறுத்துக்கிட்டா இருந்தாங்க? உங்களைப் பெத்துக்கிட்டாங்களேப்பா!" செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். கீழ வீதி முழுக்க நடந்தேன். அன்றிலிருந்து இந்தக் குழப்பம் எனக்கு. ஐந்து பேர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து நாட்டுக்கே கல்யாணச் சட்டத்தை மாற்றி எழுதலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு நமக்குப் பிடித்ததை எழுதுகிறவர்கள் நாளைக்குப் பிடிக்காததையும் எழுதுவார்களே. சரி, அப்படியானால் கோர்ட் எதற்கு இருக்கிறது, நூறு பேர் ஒரு பக்கமும் ஒருத்தன் ஒரு பக்கமும் நிற்கும்போது அந்த ஒருத்தன் ஓட்டு கேட்டு ஜெயிக்க முடியுமா என்று கேட்டால், அதுவும் சரியாகத்தான் படுகிறது. அப்புறம் நீ வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினாய். கல்யாணம் மட்டும்தான் குடும்பம் ஆவதற்கு வழி என்றில்லை, இப்படிப்பட்டவர்களும் குடும்பமாக இருக்கலாம் என்று நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டே ஒரு வழக்கில் சொல்லியிருப்பதாக. பெரியவர் கல்யாணம் இல்லை என்கிறார், சின்னவர் குடும்பம்தான் என்கிறார். கல்யாணம் ஆகாத குடும்பத்தைப் பத்திரத்தில் நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? என் கடைக்கு வரும் வக்கீல்களிடம் கேட்டுப் பார்த்தேன், யாருக்கென்று சொல்லாமல். ஒருத்தர் ஒன்று சொன்னார், இன்னொருத்தர் வேறு சொன்னார், இரண்டு பேரும் என் காசில் டீ குடித்தார்கள்.

இதெல்லாம் பேச்சு. நான் இந்த ஒரு வாரம் தூங்காததற்குக் காரணம் வேறு. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு விஷயம்.

நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, ரயிலடிப் பக்கம் ஒரு டீச்சர் இருந்தார். ரிட்டயர் ஆனவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவரோடு ராணி என்று ஒரு அம்மா, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பவர். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். கடைத்தெருவுக்கு வந்தால் ஒரே குடையில் வருவார்கள். நம் ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. டீச்சருக்கு உடம்பு முடியாமல் போனதும் வீட்டை ராணி பேருக்கு உயில் எழுதவேண்டும் என்று வந்தார். நான் எழுதினேன். "என் வீட்டில் உடனிருந்து எனக்குப் பணிவிடை செய்துவரும் ராணி என்பவருக்கு" என்று போட்டேன். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பணிவிடைன்னு போடணுமா சார்? வேற மாதிரி எழுத முடியாதா?" என்றார். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "கோர்ட்ல நிக்கணும்னா இப்படித்தான் போடணும் டீச்சர். வெளியாளுக்கு எழுதுறோம், ஒரு காரணம் காட்டணும் இல்லியா?" என்றேன். ராணியம்மா, "வுடுங்க, பேப்பர்ல இன்னா இருந்தா இன்னா" என்றார். டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் போன மூன்றாம் மாதம் அண்ணன் பிள்ளைகள் கேஸ் போட்டார்கள். படுக்கையில் கிடந்த அத்தையை வேலைக்காரி மிரட்டி எழுதி வாங்கிவிட்டாள் என்று. வேலைக்காரி என்பதற்கு என்ன ஆதாரம்? நான் எழுதிய வரிதான் ஆதாரம். பத்திரம் எழுதியவன் என்று கடலூர் கோர்ட்டுக்கு எனக்குச் சம்மன் வந்தது. கூண்டில் ஏறினேன். "ராணி அந்த டீச்சருக்கு இன்னா உறவு?" என்று வக்கீல் கேட்டார். பின்னால் பெஞ்சில் நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வேறு ஏதாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று பயமாக இருந்தது. "வீட்டு வேலைக்கு இருந்தவங்க" என்றேன். நீதிபதி என்னையே பார்த்தார். நல்ல மனுஷர். "அவ்வளவுதானா? வேற ஏதாவது தெரியுமா உங்களுக்கு?" என்று அவராகவே கேட்டார். தெரியாதுங்க ஐயா என்றேன். தெரியும், தம்பி. எனக்கு நன்றாகவே தெரியும். அந்த உயிலை என்னிடம் சொல்லச் சொல்ல டீச்சர் ராணியம்மாவின் கையை விடவே இல்லை. நீதிபதிக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை, அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லாமல் போயிற்று. உயில் செல்லாது என்று தீர்ப்பானது. ராணியம்மா தையல் மெஷினை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பண்ருட்டியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தார், திட்டவில்லை. "டீச்சர் அப்பவே சொன்னாங்க பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

இதைச் சொல்வதால் என்னை நீ கேவலமாக நினைக்கலாம். நினைத்துக்கொள். ஆனால் இந்தத் தடவை நான் எழுதுவதில் அப்படி ஓட்டை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். உன் உயிலுக்கு டிராப்ட் போட உட்கார்ந்தேன். எந்த உயிலுக்கும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். நாளைக்கு இதை எதிர்த்துக் கேஸ் போடப்போவது யார்? அண்ணனா, பங்காளியா, மூத்த தாரத்துப் பிள்ளையா? ஆளைத் தெரிந்துகொண்டால் அவன் நுழையமுடியாதபடி எழுதிவிடலாம். பேனாவை எடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். கல்யாணம் ஆகாத பையன் போய்விட்டால் சட்டப்படி முதல் வாரிசு அவன் அம்மா. அவள் இல்லாவிட்டால் அப்பன். ஸ்டீபனை அந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளக்கூடியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். நானும் உன் அம்மாவும். நீ எங்களுக்கு எதிராகத்தான் உயில் எழுதச் சொல்கிறாய், அதையும் என்னையே எழுதச் சொல்கிறாய்.

இதை நீ தெரிந்துதான் கேட்டாயா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் தெரிந்துதான் கேட்டிருப்பாய் என்று தோன்றியது, அது இன்னும் வலித்தது. உன் அம்மாவிடம் டிராப்டைப் படித்துக் காட்டினேன். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "அப்போ நாளைக்கு என் புள்ள வீட்டுக்குள்ள நான் போவணும்னா, ஸ்டீபன் கிட்ட கேட்டுக்கிட்டுதான் போவணுமா?"

"ஆமா."

"நான் இன்னா அந்தப் புள்ளய கழுத்தப் புடிச்சி வெளியத் தள்ளிடுவேனா? போன பொங்கலுக்கு அவனுக்கும் சேத்துதானே சட்டை எடுத்தேன்? பெத்தவ மேல அவ்ளோதான் நம்பிக்கையா உங்க புள்ளைக்கு?"

"டீச்சரோட அண்ணன் புள்ளைங்களும் நல்லவங்கதான். வருஷாவருஷம் தீபாவளிக்கு ராணியம்மாவுக்குப் புடவை எடுத்துக் குடுத்தவங்கதான்" என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு. உயிலு கியிலுன்னு... அவனுக்கு எதுக்குங்க இந்த வயசுல உயிலு?" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் அதே பயம்தான். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு "என் ஆயுளுக்குப் பிறகு" என்று எழுத எனக்கு மட்டும் கை வருமா? அந்த மூன்று வார்த்தையை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை, அன்றைக்குக் குழம்பில் உப்பும் போடவில்லை.

எழுதிவிட்டேன், தம்பி. "என்னோடு ஒரே குடும்பமாக வாழ்ந்துவரும் ஸ்டீபன் என்பவருக்கு" என்று போட்டிருக்கிறேன். கணவன் என்று போட்டால் நாளைக்கு எவனாவது பெரிய கோர்ட் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவான். நண்பன் என்று போட்டால் பொய். குடும்பம் என்று ஹைகோர்ட்டே சொல்லியிருப்பதால் குடும்பம் என்றே எழுதினேன். அது போதுமா, போதாதா, நாளைக்கு எந்த ஜட்ஜ் என்ன சொல்வார், எனக்குத் தெரியாது. அந்தப் பெரிய கோர்ட் தீர்ப்பு சரியா தப்பா என்று கேட்டால், இத்தனை பக்கம் எழுதிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. நீ வந்தால் இன்னும் சண்டை போடலாம். ஆனால் அடுத்த வரியில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "என் தாய் தகப்பனாருக்கு மேற்படி வீட்டில் யாதொரு பாத்தியதையும் கிடையாது, இது அவர்களுக்குத் தெரிந்தே எழுதப்படுகிறது." எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த வரியை எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்களை இப்படி ஒதுக்குகிறானே பாவி என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன். எனக்கு இல்லை என்று நானே எழுதும்போதுதான் புரிந்தது, அதில் பாதிப் பேருக்காவது வேறு வழி இருந்திருக்காது.

வேலையைச் சொல்கிறேன், குறித்துக்கொள். அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு டோக்கன். கடலூரிலிருந்து ஏழரை பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். ஸ்டீபன் ஆபீசுக்குள் வர வேண்டாம், எழுதிவாங்குகிறவன் பக்கத்தில் நின்றால் அதையே நாளைக்கு மிரட்டல் என்பார்கள். என் கடையில் உட்காரட்டும், டீ வாங்கித் தருகிறேன். ரிஜிஸ்டர் ஆன பத்திரத்தை அவனுக்குத் தெரிந்த இடத்தில் வை. உன் கம்பெனி பாரத்தில் அவசரத்துக்குக் கூப்பிடவேண்டிய ஆள் என்ற இடத்தில் முதலில் அவன் நம்பர், அடுத்துதான் என் நம்பர். கத்தாரில் வெயிலில் நிற்காதே. கோபத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதே. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். சாட்சி போடுகிறவனுக்கு உயிலில் பங்கு இருக்கக் கூடாது என்பது நாங்கள் தவறாமல் பார்க்கிற ஒன்று. எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியாகிவிட்டது, அதனால் ஒரு சாட்சி நான். இரண்டாவது சாட்சிக்குப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரைக் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை.

இன்று காலையில் உன் அம்மா காப்பியைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள். நான்கு நாளைக்குப் பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு இது.

"ஏங்க, சாட்சி போட வர்றவங்க ஆதார் கார்டு ஒரிஜினல் எடுத்தாரணுமா, ஜெராக்ஸ் போதுமா?"

ஒரிஜினலையே எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.